மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரே ஒரு தெரு
பிஜித் தீவுகளின் பழைய தலைநகர் லெவுக்காவில் பார்க்க வேண்டியவையும் அறிய வேண்டியவையும்

மணி இரண்டு தடவை அடிக்கும் ஊர் ஒன்றைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

பசுபிக் சமுத்திரத்தின் நடுவே, பிஜி நாட்டின் ஒவலாவ் என்னும் சிறு தீவில் லெவுக்கா என்றொரு பட்டினம் இருக்கிறது. அங்குள்ள தேவாலயக் கோபுரத்து மணிக்கூடு, ஒவ்வொரு மணியையும் ஒரு தடவை அடித்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் அடிப்பதற்குப் பேர்போனது. முதல் தடவை எண்ணத் தவறியவர்களுக்காகத்தான் இரண்டாம் தடவை என்று ஊரவர் வேடிக்கையாகச் சொல்வார்களாம்.

லெவுக்காவைப் பொறுத்தவரை இது வெறும் வேடிக்கை அல்ல. இந்த ஊரையும் இரண்டு தடவை பார்க்க வேண்டும். முதல் பார்வையில் தெரிவது அழகு. பச்சை மலை, நீலக் கடல், பழங்காலத்து மரக் கடைகள். இரண்டாம் பார்வையில்தான் இந்தக் கரையில் யார் யார் எப்படி வந்து இறங்கினார்கள், என்ன பாடுபட்டார்கள் என்பது தெரியவரும். அவர்களில் நம் பக்கத்து நாட்டவரும் இருந்தனர், நம் மார்க்கத்தவரும் இருந்தனர் என்பதால், சகோதரிகளே, இந்தத் தூரத்து ஊரை இம்மாதம் உங்களுக்கு அறிமுகம் செய்கிறோம்.

எங்கே இருக்கிறது?

உலகப் படத்தில் அவுஸ்திரேலியாவுக்குக் கிழக்கே விரலை நகர்த்திக்கொண்டே போனால், கடலில் சிதறிய பொட்டுக்கள் போலப் பிஜித் தீவுகள் தென்படும். முந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு அது. நாட்கணக்கு மாறும் கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஒவ்வொரு புதிய நாளையும் உலகில் முதலில் காண்போருள் பிஜி மக்களும் அடங்குவர். நம் நாட்டு நேரத்தைவிட அங்கே ஆறரை மணித்தியாலம் முந்தி. நாம் சுபஹ் தொழுதுவிட்டு அடுப்பை மூட்டும் வேளையில், அங்கே லுஹருக்கு ஆயத்தமாகிக்கொண்டிருப்பார்கள்.

இங்கிருந்து போவோர் சிங்கப்பூர் அல்லது சிட்னி வழியாக நாண்டி விமான நிலையத்தை அடைந்து, அங்கிருந்து பஸ்ஸில் நான்கு மணித்தியாலமளவில் தலைநகர் சுவாவுக்குப் போகலாம். சுவாவிலிருந்து வடக்கே நாடோவி இறங்குதுறைவரை பஸ். அங்கே வாகனங்களையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் கப்பலில் ஏறினால், சுமார் ஒரு மணித்தியாலத்தில் ஒவலாவின் மேற்குக் கரையான புரேசலாவில் இறக்கிவிடுவார்கள். பின்னர் தீவைச் சுற்றிவரும் பாதையில் மீண்டும் பஸ். ஏறக்குறைய அரை நாள் பிரயாணம். களைப்புத்தான். ஆனால் ஒரு வளைவில் திரும்பியதும் கடலோரமாக அந்தப் பழைய பட்டினம் தெரியும்போது களைப்புப் பறந்துவிடும்.

தீவின் நீளம் சுமார் 13 கிலோமீற்றர், அகலம் சுமார் 10 கிலோமீற்றர். 2007ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, சுற்றுப்புறத்தையும் சேர்த்து லெவுக்காவின் சனத்தொகை 4,397 மாத்திரமே. நம் ஊர்களில் ஒரு பெரிய மஹல்லாவில் இருக்கும் ஆட்கள்!

கடற்கரைத் தெருவில் ஒரு நடை

ஊர் என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு தெருதான். அதன் பெயர் கடற்கரைத் தெரு. ஆனால் மணற்கரை இல்லை. கடலைத் தடுத்துக் கட்டிய கல்லணைதான் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தகரக் கூரையும் மரப்பலகைச் சுவரும் முன்தாழ்வாரமும் கொண்ட கடைகளின் வரிசை. அவற்றின் முதுகை உரசிக்கொண்டு செங்குத்தான மலை. காலையில் வெயில் ஏறுமுன் இத்தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பாருங்கள். குழந்தைகளையும் அழைத்துச் செல்லலாம். வாகன நெரிசல் கிடையாது.

1820களிலேயே அமெரிக்கக் கப்பலோட்டிகள் சிலர் இங்கு குடியேறினர். கடல் அட்டையும் ஆமை ஓடும் ஏற்றிச் செல்லும் கப்பல்கள் வந்தன. 1860களில் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டு உலகில் பருத்திக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பருத்தி பயிரிடலாம் என்ற ஆசையில் வெள்ளையர்கள் கூட்டமாக வந்து குவிந்தனர். அந்நாட்களில் இச்சிறு தெருவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மதுக்கடைகள் இருந்தனவாம். கடலில் மிதந்துவரும் வெற்றுப் போத்தல்களைப் பின்தொடர்ந்தே கப்பல்கள் துறைமுகத்தைக் கண்டுபிடிக்கும் என்று ஒரு கதை சொல்வார்கள். குடி ஓர் ஊரை எப்படி ஆக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இன்றோ அந்த ஆரவாரமெல்லாம் ஓய்ந்து, பாடசாலை விட்டுச் செல்லும் பிள்ளைகளின் சத்தம்தான் தெருவை நிறைக்கிறது.

நடையின்போது தவறவிடக்கூடாத சில இடங்கள்:

பழைய மொரிஸ் ஹெட்ஸ்ட்ரொம் கடைக் கட்டிடம். 1868இல் தொடங்கிய வாணிபம் இது. பின்னாளில் இக்கட்டிடம் நூல்நிலையமாகவும் பிஜி நூதனசாலையின் கிளையாகவும் மாறியது.

மணி இரண்டு தடவை அடிக்கும் தேவாலயக் கோபுரம். 1858இல் பிரான்ஸ் நாட்டுக் கத்தோலிக்கத் துறவிகள் இங்கே தங்கள் பணியை ஆரம்பித்தனர்.

1879இல் தொடங்கப்பட்ட லெவுக்கா அரசினர் பாடசாலை. நாட்டின் முதலாவது பொதுப் பாடசாலை இதுவே. பிஜியில் இன்றும் வெளிவரும் "பிஜி டைம்ஸ்" பத்திரிகையும் 1869இல் இந்தத் தெருவில்தான் பிறந்தது.

ஊரினூடாக ஓடிவரும் நீரோடை. மத்தியான வெயிலில் அதன் தேங்கல்களில் சிறுவர்கள் குதித்துக் கும்மாளமிடுவதைப் பார்க்கலாம்.

அடுத்து, 199 படிகள் கொண்ட ஏற்றம். மூச்சு வாங்கும்; ஆனால் அவசரமில்லாமல் ஏறினால் உம்மம்மாமாரும் ஏறிவிடலாம். மேலே நின்று பார்த்தால் தகரக் கூரைகளும், துறைமுகமும், பவளப்பாறை ஓரமாக வெண்நுரைக் கோடும், அதற்கப்பால் வக்காயா முதலான தீவுகளும் தெரியும். முதலாம் உலக யுத்தத்தின்போது, 1917இல், ஜேர்மன் கடற்படைத் தளபதி பெலிக்ஸ் வொன் லுக்னர் பிடிபட்டது அந்த வக்காயாவில்தான்.

2013ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் லெவுக்காவை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பிஜியிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் இடம் இது.

நசோவாவில் ஒரு கையெழுத்து

இதுவரை முதல் பார்வை. இனி இரண்டாம் பார்வைக்கு வருவோம்.

தெருவின் தென்முனையைத் தாண்டிச் சிறிது நடந்தால் நசோவா என்ற இடம் வரும். புல்வெளியும் சில நினைவுக் கற்களும்தான் இருக்கின்றன. அவசரமாகப் போவோர் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ஆனால் ஒரு நாட்டின் தலைவிதி மாறிய இடம் அது.

1871இல் தகோம்பாவ் என்ற பெருந்தலைவர் லெவுக்காவில் தம்மைப் பிஜியின் மன்னராகப் பிரகடனம் செய்து, வெள்ளையரின் துணையுடன் ஓர் அரசாங்கத்தை அமைத்தார். கடன் ஒருபுறம், கலகம் மறுபுறம் என அந்த அரசாங்கம் தள்ளாடியது. முடிவில் 1874 ஒக்டோபர் 10ஆம் திகதி, தகோம்பாவும் ஏனைய தலைவர்களும் நசோவாவில் கையெழுத்திட்டுத் தங்கள் தீவுகளை விக்டோரியா மகாராணியிடம் ஒப்படைத்தனர். தகோம்பாவ் தமது போர்த் தண்டத்தையும் மகாராணிக்கு அனுப்பிவைத்தார். அத்தண்டம் 1930களில் பிஜிக்குத் திரும்பி வந்து, நாடாளுமன்றத்தின் செங்கோலாயிற்று. 96 ஆண்டுகள் கழித்து, 1970இல், அதே ஒக்டோபர் 10ஆம் திகதி பிஜி சுதந்திரம் பெற்றது.

கையெழுத்திட்ட மை காயுமுன்னரே ஒரு பேரிடர் வந்தது. சிட்னிக்கு விருந்தினராக அழைத்துச் செல்லப்பட்ட தகோம்பாவும் அவருடைய பிள்ளைகளும் 1875 ஜனவரியில் பிரித்தானியப் போர்க்கப்பலில் லெவுக்காவுக்குத் திரும்பினர். கப்பலில் சின்னமுத்து நோயும் கூடவே வந்தது. நோயாளரைத் தனிமைப்படுத்தாமல் இறங்கவிட்டனர். மன்னரை வரவேற்கத் தூரத்துத் தீவுகளிலிருந்து வந்த தலைவர்கள் நோயைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பினர். சில மாதங்களுக்குள் சுமார் 40,000 பேர் மாண்டனர். அக்காலப் பிஜி மக்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல்! நம் வீடுகளில் இன்று ஒரு தடுப்பூசியோடு முடிந்துபோகும் காரியம் அது. கிளினிக்கில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் தாய்மார் இதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோர்டன் தேசாதிபதி: நமக்கும் ஒரு தொடர்பு

அதே 1875ஆம் ஆண்டில் பிஜியின் முதல் நிரந்தரத் தேசாதிபதியாக வந்து நசோவாவில் குடியேறியவர் சேர் ஆதர் கோர்டன். இப்பெயர் எங்கோ கேட்டதாக இருக்கிறதா? ஆம்! கொழும்புக் கோட்டையில் ஜனாதிபதி மாளிகையை ஒட்டி இருக்கும் கோர்டன் பூங்கா அவர் பெயரைத் தாங்கியதே. 1883 முதல் 1890வரை அவர் இலங்கையின் தேசாதிபதியாக இருந்தார். 1889இல் சட்டநிரூபண சபையில் முதன்முதலாக முஸ்லிம்களுக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்பட்டு, எம். சி. அப்துல் ரஹ்மான் அவர்கள் நியமனம் பெற்றதும் அவருடைய காலத்தில்தான்.

பிஜியில் கோர்டன் செய்த காரியம் இருமுகம் கொண்டது. பிஜி மக்களின் நிலங்களை வெள்ளையர் வாங்குவதைத் தடுத்தார். இன்றும் அந்நாட்டு நிலத்தில் நூற்றுக்கு எண்பதுக்கும் அதிகமான பங்கு பூர்வீக மக்களிடமே இருப்பதற்கு அது ஒரு முக்கிய காரணம். சுதேசிகளைத் தோட்டக் கூலிகளாக்குவதையும் அவர் விரும்பவில்லை. நல்லது. அப்படியானால் கரும்புத் தோட்டங்களில் யார் வேலை செய்வது? முன்னர் திரினிடாட்டிலும் மொரீசியசிலும் ஆட்சி செய்தவர் அவர். அங்கே கண்ட வழியை இங்கும் கொண்டுவந்தார். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள்! ஒரு சமூகத்தைப் பாதுகாக்க இன்னொரு சமூகம் கடல் கடத்தப்பட்டது.

சிறு தீவில் இறக்கப்பட்டவர்கள்

1879 மே 14ஆம் திகதி, கல்கத்தாவிலிருந்து "லியோனிதாஸ்" என்ற பாய்க்கப்பல் லெவுக்காத் துறைமுகத்தை வந்தடைந்தது. பிஜிக்கு வந்த முதல் இந்தியத் தொழிலாளர் கப்பல் அது. அதில் வந்தோர் 463 பேர் என்பர். ஆண்களும் பெண்களும் குழந்தைகளும், இந்துக்களும் முஸ்லிம்களும் அதில் இருந்தனர். நடுக்கடலிலேயே வாந்திபேதியும் பெரியம்மையும் கப்பலைப் பீடித்து, சிலர் வழியிலேயே மாண்டு கடலுக்கு இரையாயினர்.

நான்கு ஆண்டுகளுக்கு முந்திய சின்னமுத்தின் பயங்கரம் ஊரவர் மனதில் ஆறாத புண்ணாக இருந்தது. ஆகவே இம்முறை எவரையும் பட்டினத்தில் கால்வைக்க விடவில்லை. ஒவலாவின் தென்புறக் கடலில் உள்ள யனுத லைலை என்ற சின்னஞ்சிறு தீவில் அவர்களை இறக்கி, நோய் தணியும்வரை காவலில் வைத்தனர். அங்கும் சிலர் இறந்தனர். ஊர், பெயர், உறவு எதுவும் தெரியாத மண்ணில் அவர்கள் அடக்கமானார்கள்.

பட்டினத்துப் படகுக்காரர்களிடம் விசாரித்தால், கடல் அமைதியான நாளில் அத்தீவின் பக்கம் போய்வர ஏற்பாடு செய்து தருவார்கள். தென்னையும் பாறையும் தெளிந்த நீரும் கொண்ட அழகிய இடம். நீந்தவும் மீன் பிடிக்கவும் போகிறவர்கள் உண்டு. அங்கே போனால், அந்த அழகுக்கு நடுவே ஒரு நிமிடம் நின்று, பெயர் தெரியாத அந்த மனிதர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் 1916வரை 60,000க்கும் மேற்பட்டோர் பிஜிக்குக் கொண்டுவரப்பட்டனர். ஐந்து வருட ஒப்பந்தம். "அக்ரிமென்ட்" என்ற ஆங்கிலச் சொல் அவர்கள் வாயில் "கிர்மிட்" ஆயிற்று; அவர்கள் "கிர்மிட்டியா" ஆனார்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது விதி. நாள்முழுதும் கரும்புத் தோட்டத்தில் குறித்த வேலையை முடித்தால் ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். கைக்குழந்தையை வரப்போரம் கிடத்திவிட்டு வேலை செய்த தாய்மார் அவர்கள். வாசித்தறியாத ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டுக் கடல் கடந்து போகும் பெண்ணின் கதை நமக்குப் புதிதல்ல. இன்று நம் கிராமங்களிலிருந்தும் தாய்மார் அப்படித்தான் போகிறார்கள். எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் யாவும் 1920 ஜனவரி முதலாம் திகதி ரத்துச் செய்யப்பட்டன.

1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. தமிழும் தெலுங்கும் மலையாளமும் பேசுவோர் அவற்றில் வந்தனர். மலையாளக் கரை முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் நம்மைப் போலவே ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றி, மஊனதுல் இஸ்லாம் என்ற சங்கத்தை நடத்திவருகின்றனர். பிஜி முஸ்லிம் லீக் 1926இல் உருவாகிப் பாடசாலைகள் பலவற்றை நடத்துகிறது. நாட்டு மக்களில் நூற்றுக்கு ஆறு பேரளவில் முஸ்லிம்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறந்த தினம் அங்கே அரசாங்க விடுமுறை நாள்!

ஆயினும் 1987இலும் 2000ஆம் ஆண்டிலும் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புகளுக்குப் பின் இந்திய வம்சாவளியினர் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். ஒருகாலத்தில் சனத்தொகையில் பாதியாக இருந்தவர்கள் இன்று மூன்றிலொரு பங்கு அளவுக்குக் குறைந்துவிட்டனர். 2000ஆம் ஆண்டுக் குழப்பத்தின் அடையாளம் ஒன்று லெவுக்காவிலும் உண்டு. அப்போது தீயிடப்பட்ட பழைய மேசன் சங்க மண்டபத்தின் சுவர்களே அது.

மலைக்கு உள்ளே ஒரு கிராமம்

ஒவலாவின் நடுப்பகுதி, அணைந்துபோன எரிமலையின் வாய். அக்கிண்ணத்தின் அடியில் லொவோனி என்ற கிராமம் இருக்கிறது. பாதை வழியாக வாகனத்திலும் போகலாம். நடக்கத் தெம்புள்ளவர்கள் வழிகாட்டியுடன் காட்டுப் பாதையால் மலை தாண்டியும் போகலாம். வழியில் மூலிகைகளையும் காட்டுப் பழங்களையும் காட்டி விளக்குவார்கள். மழை பெய்தால் அட்டைக்கடி இல்லாவிட்டாலும் வழுக்கல் உண்டு. பிடிமானமுள்ள சப்பாத்து அவசியம்.

லொவோனி மக்கள் எளிதில் எவருக்கும் பணியாதவர்கள். தகோம்பாவால் போரில் அவர்களை வெல்ல முடியவில்லை. 1871இல் சமாதானம் பேசுவதாக அழைத்து, மலையிலிருந்து இறங்கி வந்தவர்களைப் பிடித்து, தோட்டக்காரர்களுக்கு விற்றுவிட்டார். குடும்பங்கள் தீவு தீவாகப் பிரிக்கப்பட்டன. பிஜி பிரித்தானியர் கைக்கு மாறிய பின்னரே அவர்களால் ஊர் திரும்ப முடிந்தது.

அதே தீவின் தெற்கே வைனலோகா என்ற கிராமத்தில், சொலமன் தீவுகளிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டோரின் சந்ததியினர் வாழ்கின்றனர். விற்கப்பட்டவர்களும் ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவர்களும் ஒப்பந்தத்தில் வந்தவர்களும் என, இச்சிறு தீவு எத்தனை விதமான கண்ணீரைக் கண்டிருக்கிறது!

அதிகாலையில் வேலைக்குப் போகும் பெண்கள்

1882இல் தலைநகரம் சுவாவுக்கு மாற்றப்பட்டது. காரணம் எளிது. மலை நெருக்கிக்கொண்டிருக்கும் இடத்தில் பட்டினம் வளர வழியில்லை. பின்னர் 1888, 1905 ஆகிய ஆண்டுகளின் சூறாவளிகள் ஊரின் வடபகுதியைச் சிதைத்தன. கொப்பரா வாணிபமும் படிப்படியாகச் சுவாவுக்குப் போய்விட்டது. லெவுக்கா அத்தோடு முடிந்துபோயிருக்க வேண்டும்.

முடியாமல் காத்தது மீன். 1960களில் தெருவின் தென்முனையில் சூரை மீனைப் பதப்படுத்தும் நிலையம் ஒன்று தோன்றியது. நாளடைவில் மீனை வேகவைத்து முள் நீக்கித் தகரத்தில் அடைக்கும் பெரிய ஆலையாயிற்று. நாம் "டின் மீன்" என்று வாங்குகிறோமே, அத்தகைய வேலைதான். அதில் உழைப்போரில் பெரும்பாலோர் பெண்கள். விடியுமுன் தீவின் கிராமங்களிலிருந்து பஸ்களில் வந்து இறங்கி, நாள் முழுதும் நின்றபடியே மீன் சுத்தம் செய்கிறார்கள். காற்று வீசும் திசையைப் பொறுத்து மீன் வாடை ஊரெங்கும் பரவும். உல்லாசப் பிரயாணிகள் மூக்கைப் பொத்திக்கொள்வதுண்டு. அந்த வாடையில்தான் பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் வீட்டு அடுப்பும் இருக்கின்றன என்பதை அறிந்தவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

2016 பெப்ரவரி 20ஆம் திகதி "வின்ஸ்டன்" சூறாவளி பிஜியைத் தாக்கியது. நாட்டில் 44 பேர் உயிரிழந்தனர். ஒவலாவிலும் வீடுகளும் பழம்பெரும் கட்டிடங்களும் சேதமடைந்தன. 150 வருட மரக் கடைகளைக் காப்பாற்றுவது எளிதான காரியமல்ல. பழுதுபார்க்கப் பணம் வேண்டும், பழைய முறையில் தச்சு வேலை செய்யத் தெரிந்தவர்கள் வேண்டும். ஆகவே அங்கு போகிறவர்கள் ஊர்க் கடையில் சாப்பிட்டு, ஊரார் நடத்தும் விடுதியில் தங்கி, ஊர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது ஒரு பேருதவி.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

சாப்பாடு: மீன், மரவள்ளி, சேம்பு, ஈரப்பலா, தேங்காய்ப்பால் யாவும் தாராளம். சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் அவித்து "ரோரோ" என்று பரிமாறுவார்கள். நம் கீரைச் சுண்டலை விரும்புவோருக்குப் பிடிக்கும். பச்சை மீனை எலுமிச்சம் புளியில் ஊறவைத்துத் தேங்காய்ப்பால் சேர்ப்பது "கொகொண்டா". இந்திய வம்சாவளியினரின் ரொட்டியும் கறியும் நாடெங்கும் கிடைக்கும். நிலத்தைத் தோண்டிச் சூடேறிய கற்களில் வேகவைக்கும் "லொவோ" விருந்தில் பன்றி இறைச்சியும் சேர்வதுண்டு, கேட்டறிந்து உண்ணவும். இறைச்சி வகையில் ஹலால் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் மீனோடும் காய்கறியோடும் நிறுத்திக்கொள்ளலாம்.

உடை: கிராமங்களுக்குள் பெண்கள் தோளையும் முழங்காலையும் மறைத்து உடுப்பது அவர்களது மரபு. ஆணும் பெண்ணும் உடுத்தும் "சுலு" நம் ஊர்ச் சாரத்தைப் போன்றதே. எனவே நம் பெண்கள் உடைக்காகச் சங்கடப்பட வேண்டியதில்லை. தொப்பி அணிந்து கிராமத்துக்குள் செல்வது மரியாதைக் குறைவாகக் கருதப்படும். முக்காடு மார்க்க உடை என்பதை வழிகாட்டியிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும். எவருடைய தலையையும், குழந்தையின் தலையையும்கூட, தொடாதீர்கள்.

உபசாரம்: கிராமத்துக்குப் போகும்போது "யங்கோனா" என்ற செடியின் வேரைக் காணிக்கையாகக் கொண்டுசெல்வது வழக்கம். அதை இடித்துக் கரைத்த பானத்தைச் சிரட்டையில் தருவார்கள். அது மதுவகை அல்ல. ஆயினும் ஒருவித மயக்கம் தரக்கூடியது. குடிக்க விரும்பாதோர் நெஞ்சில் கைவைத்துப் பணிவாக மறுத்தால் தவறாக எடுக்கமாட்டார்கள். "புலா" என்றால் நம் ஸலாம் போன்ற முகமன், "வினாக்கா" என்றால் நன்றி. இவ்விரு சொற்களும் பாதி வேலையை முடித்துத் தரும்.

காலம்: நவம்பர் முதல் ஏப்ரல்வரை மழையும் சூறாவளியும் உள்ள காலம். மே முதல் ஒக்டோபர்வரை போவது நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். தேவையானதைச் சனிக்கிழமையே வாங்கிக்கொள்ளவும்.

தொழுகை: கிப்லா அங்கும் நம் நாட்டைப் போலவே மேற்குத்தான், சற்று வடக்கே சாய்ந்திருக்கும். லெவுக்கா தீவின் கிழக்குக் கரையில் இருப்பதால் திசைகாட்டி இல்லாவிட்டாலும் சிரமமில்லை. கடலை முதுகுக்கும் மலையை முகத்துக்கும் வைத்துக்கொண்டால் ஏறத்தாழ சரியாக இருக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை

லியோனிதாஸ் வந்த மே 14ஆம் நாளை "கிர்மிட் தினம்" என்று பிஜி இந்தியர் நெடுங்காலமாக நினைவுகூர்ந்து வந்தனர். 2023ஆம் ஆண்டு முதல் பிஜி அரசாங்கம் அதை நாடு முழுவதற்குமான விடுமுறையாக்கியது. கப்பல் வந்து 144 வருடங்கள் கழித்து! நினைவு காலம் தாழ்ந்தாலும் வந்து சேர்ந்துவிட்டது. இரண்டாம் தடவை அடிக்கும் மணியைப் போல.

பிரயாணம் கண்ணுக்கு விருந்தாக மாத்திரம் முடிந்துவிடக்கூடாது, படிப்பினையும் வேண்டும். லெவுக்காவுக்கு நம்மில் எத்தனை பேர் போகப் போகிறோம்? மிகச் சிலரே. ஆனால் நம் ஊரிலும் பழைய துறைமுகங்களும், பழைய தெருக்களும், பெயரில்லாத கப்றுகளும் இருக்கின்றன. அவற்றின் கதை தெரிந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் செய்யுங்கள்.

யனுத லைலைத் தீவில் நின்று ஒருவர் கிப்லாவை நோக்கினால், கல்கத்தா இருப்பதும் ஏறக்குறைய அதே திசைதான். அங்கே காவலில் இருந்தவர்களில் தொழுதோர், ஒவ்வொரு வக்திலும் தம்மை அறியாமலே தம் ஊரையும் நோக்கித்தான் நின்றிருப்பார்கள்.